மூன்று காகிதங்களில் ஒரு மருமகள்

மாமியார் சமையலறை வாசலில் சாய்ந்து நின்று தன் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். காலை வேலை முடிந்து காபியும் குடித்தாகிவிட்ட தெம்பு குரலில் தெரிந்தது.

"மருமகளா? வீட்லதான் இருக்கா. என்ன பண்ணப் போறா, சும்மாதான். கம்ப்யூட்டர்ல ஏதோ படம் வரைஞ்சிட்டு உக்காந்திருக்கா. விசா வந்ததும் கிளம்பிடுவா."

மறுமுனையில் அக்காவும் தன் மருமகள் சும்மாதான் இருக்கிறாள் என்று சலித்துக்கொண்டார். அந்தச் சலிப்புக்குப் பின்னால் ஒரு தையல் மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் தெருவில் பாதிப் பேர் போட்டிருக்கும் துணி அந்த மருமகள் தைத்ததுதான். ஆனாலும் அக்காவின் பார்வையில் அவள் சும்மாதான் இருந்தாள்.

இந்த வீட்டில் சும்மா இருந்த மருமகள் அந்த நேரம் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, ஒரு மருந்துக் கம்பெனி மேலாளரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"இல்ல சார், குழந்தைகளுக்கு எட்டாத இடத்துல வைக்கணும்ங்கிற வரியை நான் சின்னதாக்க மாட்டேன். வேணும்னா உங்க கம்பெனிப் பேரைச் சின்னதாக்கறேன். பேரைப் படிக்காம விட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

மேலாளர் சிரித்தார், ஒப்புக்கொண்டார். எப்போதும் கடைசியில் ஒப்புக்கொள்வார்.

மருந்து பாட்டில், சோப்பு உறை, பிஸ்கட் பாக்கெட் என்று கடையில் வாங்கும் பொருள்கள்மேல் ஒட்டும் லேபிளையும், அவற்றை அடைக்கும் அட்டைப்பெட்டியையும் வடிவமைப்பது அவள் தொழில். படிப்பு முடித்த கையோடு ஆரம்பித்தது. எந்தக் கம்பெனியிலும் அவள் சம்பளத்துக்குச் சேரவில்லை. ஆர்டர் வந்தால் வேலை, முடித்துக் கொடுத்தால் பணம், வருடக் கடைசியில் வரி. அச்சகத்தில் எல்லோரும் அவளை 'லேபிள் மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக்குள் வந்துவிட்டால் அந்த மேடத்தைக் காண முடியாது.

கல்யாணமான சில மாதங்களில் கணவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து அவன் போய்விட்டான். அதன் பிறகு அவர்கள் குடித்தனம் போனிலேயே நடந்தது. அவன் அங்கே சாதத்தைக் குழைய விட்டதும், இவள் இங்கே காய்ச்சலில் படுத்ததும், இரண்டு பேரும் சண்டை போட்டுச் சமாதானமானதும் எல்லாம் அந்தச் சின்னத் திரையில்தான். இப்போதுதான் மனைவியை அழைத்துக்கொள்ள அவனுக்கு அனுமதி வந்திருந்தது. விண்ணப்பம் ஒன்றைச் சரியாகப் போட்டுவிட்டால் ஒரே வீட்டில் இருக்கலாம். வேறு எந்த ஆசையும் அவளுக்கு அப்போது இல்லை.

அன்று மதியம் அவள், விண்ணப்பங்களைப் போட்டுக் கொடுக்கும் விசாக்காரரின் அலுவலகத்துக்குப் போனாள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. சுவர் முழுக்கச் சிரித்த முகங்களின் போட்டோக்கள். விசா கிடைத்தவர்கள் மட்டும். கிடைக்காதவர்கள் போட்டோவை யார் மாட்டி வைப்பார்கள்?

விசாக்காரர் கெட்டவர் அல்ல. எல்லாச் சிக்கலுக்கும் கையில் மருந்து வைத்திருப்பவர், அவ்வளவுதான். அவள் எழுதிக் கொண்டுவந்த விண்ணப்பத்தைப் படித்தார். வேலை விவரம் என்ற இடத்தில், 'சுயதொழில், லேபிள் வடிவமைப்பாளர்' என்று ஆரம்பித்த மாதத்திலிருந்து எழுதியிருந்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"இதைக் கொஞ்சம் பாரும்மா. இது உன் வீட்டுக்காரர் போகும்போது என் மூலமா கொடுத்த விண்ணப்பம். மனைவியின் தொழில்னு கேட்ட இடத்துல 'இல்லத்தரசி, வேலையில் இல்லை'ன்னு எழுதியிருக்கார். இது உன் கல்யாணப் பதிவுச் சான்றிதழ். இதுல 'தனியார் நிறுவன ஊழியர்'னு இருக்கு. இப்ப நீ மூணாவதா ஒண்ணு எழுதியிருக்க. அங்க இருக்கிற அதிகாரி மூணையும் வரிசையா வச்சுப் பார்ப்பார். இவருக்கு எத்தனை பொண்டாட்டின்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

அவள் மூன்று காகிதங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்றிலும் அவள் பெயர்தான் இருந்தது.

"பயப்படாதே. என்கிட்ட வந்துட்ட இல்ல?" விசாக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் கம்பெனி வச்சிருக்கார். கல்யாணம் வரைக்கும் நீ அங்க வேலை பார்த்தன்னு ஒரு கடிதம் கொடுப்பார். அப்ப சான்றிதழ் சரியாப் போச்சு. கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுட்ட. அப்ப உன் வீட்டுக்காரர் எழுதினதும் சரியாப் போச்சு. இப்ப நீ எழுதினதை மட்டும் அடிச்சிட்டு 'இல்லத்தரசி'ன்னு போடு. மூணும் அச்சுல வார்த்த மாதிரி பொருந்திடும்."

பொருந்தத்தான் செய்தது. அதுதான் கொடுமை. எந்த இடத்திலும் ஒரு இடைவெளி தெரியவில்லை.

"எல்லாம் சரிங்க. இதுல நான் எங்க இருக்கேன்?" என்றாள் அவள்.

விசாக்காரர் புரியாமல் விழித்தார். "நீ விமானத்துல இருப்பம்மா. அது போதாதா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று காகிதங்களை வாங்கிக்கொண்டு அவள் படியிறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் பஞ்சாயத்து கூடியது. மாமியார் சோபாவில். அடுத்த தெருவிலிருந்து அவள் அப்பா வந்து நாற்காலியில். கணவன் லேப்டாப் திரையில், தூங்கி எழுந்த தலையோடு. அவள் மூன்று காகிதங்களையும் மேசைமேல் பரப்பி வைத்துவிட்டு முதலில் அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, எனக்கு எப்பப்பா கம்பெனியில வேலை கிடைச்சுது?"

அப்பா தேர்வுத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலம் முழுக்க மற்றவர்கள் விண்ணப்பங்களில் பிழை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவர். பெயரின் முதலெழுத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி குறைந்தாலும் விட மாட்டார். அப்படிப்பட்டவர் இப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"அது வந்தும்மா... நிச்சயத்தப்ப நாலு பேர் கேட்டாங்க. பொண்ணு என்ன பண்றான்னு. வீட்ல இருந்து வரையறான்னு சொன்னா கோலம் போடுறாளான்னு கேப்பாங்க. கம்பெனியில இருக்கான்னு சொல்லிட்டேன். பதிவு பண்ற இடத்துல எல்லாரும் பக்கத்துலயே நின்னாங்க. அங்க போய் மாத்திச் சொல்ல முடியுமா? நீயும் கம்பெனிகளுக்குத்தானே வேலை பண்ற, ஒரு பேச்சுக்கு..."

"நீங்க வேலையில இருந்தப்ப ஒரு பையன் இப்படி எழுதியிருந்தா ஒரு பேச்சுக்குன்னு விட்டிருப்பீங்களா?"

அப்பா கண்ணாடியை மறுபடி துடைத்தார். அது ஏற்கெனவே பளபளவென்று இருந்தது.

திரையில் இருந்த கணவனுக்குத் தன் முறை வருகிறது என்று புரிந்துவிட்டது. அவனாகவே ஆரம்பித்தான். "நான் வேணும்னு எழுதல. வேலைன்னா மாசச் சம்பளம்னு நினைச்சேன். நீ வீட்லதானே இருந்த?"

"வீட்லதான் இருந்தேன். இருந்து என்ன பண்ணினேன்? நீங்க போன விமான டிக்கெட்டை யார் வாங்கினது?"

டிக்கெட் அவள் வாங்கியதுதான். ஒரு பிஸ்கட் கம்பெனியின் புதுப் பாக்கெட் வரிசை முழுவதையும் கண் எரிய வரைந்து முடித்த பணம் அது.

"இல்லத்தரசின்னா மட்டம்னு நான் சொல்லல," என்றாள். "வீட்டு வேலையையும் நான்தான் செய்யறேன். அதோட இதையும் செய்யறேன். செய்யறதைச் செய்யறேன்னு எழுதறதுக்கு உங்க ரெண்டு பேருக்கும் ஏன் இவ்வளவு கூச்சம்? ஒருத்தர் எனக்கு இல்லாத கம்பெனியைக் கொடுத்தார். இன்னொருத்தர் இருக்கிற தொழிலைப் பிடுங்கிட்டார்."

மாமியாருக்கு இந்தப் பேச்சு நீள்வது பிடிக்கவில்லை. மகனும் மருமகளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கவலை. அந்தக் கவலை நியாயமானதும்கூட.

"போனது போகட்டும்மா. அந்த விசாக்காரர் சொல்ற மாதிரி செஞ்சுட்டா எல்லாம் ஒத்துப்போகுதுல்ல? சின்னப் பொய்தானே? யாருக்கு என்ன நஷ்டம்?"

அவள் எழுந்து அலமாரிக்குப் போனாள். மாமியாரின் இருமல் மருந்தை அட்டைப்பெட்டியோடு எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"அத்தை, இந்தப் பெட்டியில ஒரு அளவு போட்டிருக்கு. பாட்டில்லயும் போட்டிருக்கு. உள்ள மடிச்சு வச்ச காகிதத்துலயும் போட்டிருக்கு. பெட்டியில ஒரு மூடின்னும் பாட்டில்ல ரெண்டு மூடின்னும் இருந்தா நீங்க குடிப்பீங்களா?"

"எப்படிக் குடிக்கிறது? எதை நம்பறது?"

"உள்ள இருக்கிற மருந்து நல்ல மருந்துதான். ஆனாலும் குடிக்க மாட்டீங்க. எங்க தொழில்ல முதல்ல அதைத்தான் பார்ப்போம். மூணு இடத்துலயும் ஒண்ணே இருக்கணும். ஒரு தடவை காகிதத்துல மட்டும் பழைய அளவு அச்சாயிடுச்சு. லாரியில ஏத்தின சரக்கு மொத்தமும் திரும்பி வந்துது. அப்ப அந்தக் கம்பெனி என்ன பண்ணியிருக்கலாம்? தப்பா அச்சான அளவுக்கு ஏத்த மாதிரி பெட்டியையும் பாட்டிலையும் மாத்தியிருக்கலாம். மூணும் பொருந்தியிருக்கும். குடிச்சவங்க நிலைமை என்ன?"

மாமியார் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்துகள் பெரிதாக இருந்தன. கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறதே என்று அவரே பல முறை மெச்சிக்கொண்ட பெட்டி அது.

"இது நீ பண்ணினதா?"

"ஆமா அத்தை."

"இத்தனை மாசமா இதைத்தான் குடிக்கிறேன். நீ சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கவே இல்லையே."

பிறகு கணவன் தொண்டையைக் கனைத்தான். அவன் பயம் வேறு. "நான் எழுதினது தப்புன்னு நானே கையெழுத்து போட்டுக் கொடுத்தா, என் வேலை அனுமதிக்கே ஆபத்து வராதா? அப்புறம் நீ இங்க வர்றது போய் நான் அங்க வர வேண்டியிருக்கும்."

"வரலாம். எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா நாமளே போய்ச் சொன்னா அதுக்குப் பேர் தப்பு. அவங்களா கண்டுபிடிச்சா அதுக்குப் பேர் பொய். தப்பைத் திருத்திக்கலாம். பொய்யைத் திருத்த முடியாது. நான் வரி கட்டின காகிதம் இருக்கு, பேங்க்ல ஒவ்வொரு கம்பெனி பேரும் இருக்கு, என் வேலையெல்லாம் இன்டர்நெட்ல கிடக்கு. எதை எதையெல்லாம் போய் மறைப்பீங்க? ஒரு பொய்யான வாசல் வழியா உங்ககிட்ட வந்துட்டு, தினம் கதவு தட்டுற சத்தம் கேட்டா பயந்துக்கிட்டு என்னால இருக்க முடியாது."

கணவன் தலைமுடியைக் கோதிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவன் கோழையல்ல, பக்கத்து மேசைக்காரரின் வேலை பறிபோனதைப் பார்த்தவன். கடைசியில், "கடிதத்தை நீயே எழுதாதே. நான் எழுதறேன். தப்பு என்னுது," என்றான். அவளுக்கு அந்தக் கணம் அவன் திரைக்கு வெளியே இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

மறுநாள் விசாக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "தொழில்ல இவ்வளவு வருஷம் இருக்கேன். தானா வந்து தப்பு பண்ணிட்டோம்னு எழுதிக் கொடுக்கிற குடும்பத்தை இப்பதான் பார்க்கறேன்."

"அப்ப எங்க போட்டோவைச் சுவத்துல தனியா மாட்டுங்க," என்றாள் அவள்.

வேலை மளமளவென்று நடந்தது. வேலை என்றால் மாதச் சம்பளம் என்று தவறாக நினைத்ததாகக் கணவன் கடிதம் அனுப்பினான். அப்பா ஒரு பிரமாணப் பத்திரத்தில், மகள் எந்த நிறுவனத்திலும் ஊழியராக இருந்ததில்லை, பதிவின்போது தான் சொன்ன விவரம் தவறு என்று எழுதிக் கையெழுத்திட்டார். தன் பழைய அலுவலகப் பழக்கத்தில் அதை இரண்டு முறை சரிபார்த்து, ஓரிடத்தில் விட்டுப்போன புள்ளியையும் வைத்தார். மருந்துக் கம்பெனியும் பிஸ்கட் கம்பெனியும் அவள் எப்போதிலிருந்து தங்களுக்கு வேலை செய்கிறாள் என்று கடிதம் கொடுத்தன. வரிக் காகிதத்தில் தொழிலுக்கு என்ன பெயர் இருந்ததோ அதே பெயரை அவள் எல்லாப் பக்கத்திலும் எழுதினாள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் விசாக்காரருக்குக் கை பரபரத்தது. "நடுவுல கொஞ்ச மாசம் உனக்குப் பணமே வரலையேம்மா. ஏதாவது போட்டு நிரப்பிடலாமே?"

"அப்ப ஆர்டர் வரல. ஆர்டர் வரலன்னே எழுதுங்க. கடை திறந்துதான் இருந்துது, ஆள் வரல. அதுல என்ன வெக்கம்?"

விசாக்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டு டீ சொன்னார்.

விண்ணப்பம் போனது. வீட்டில் ஒருநாள் அவள் மாமியாரிடம், "அத்தை, விசா ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணி விசாரிச்சாலும் விசாரிப்பாங்க," என்று சொல்லி வைத்தாள்.

மாமியார் பதறிப்போனார். "என்ன சொல்லணும்னு எழுதிக் குடுத்துடு. மனப்பாடம் பண்ணிக்கறேன்."

"எழுதிக் குடுத்தா அதுவும் விசாக்காரர் கடிதம் மாதிரிதான் ஆயிடும். நீங்க பார்த்ததைச் சொல்லுங்க, போதும்."

பார்த்ததைச் சொல்ல வேண்டுமானால் முதலில் பார்க்க வேண்டுமே. அன்றிலிருந்து மாமியார் பார்க்க ஆரம்பித்தார். காய் நறுக்குவதைச் சாப்பாட்டு மேசைக்கே மாற்றிக்கொண்டார். ஒரு சோப்பு உறையின் பச்சையை மருமகள் எத்தனை விதமாக மாற்றிப் பார்க்கிறாள் என்று கவனித்தார். "அந்த முதல் பச்சையே நல்லா இருந்துது," என்று ஒருநாள் வாய் விட்டுச் சொன்னார். மருமகள் சிரித்துக்கொண்டே முதல் பச்சைக்குத் திரும்பினாள். கம்பெனியும் அதையே தேர்ந்தெடுத்தது. அதன் பிறகு மாமியாரின் நடையே கொஞ்சம் மாறிவிட்டது.

எதிர்பார்த்த போன், மருமகள் அச்சகத்துக்குப் போயிருந்த ஒரு காலையில் வந்தது. ஒரு பெண் குரல், தமிழிலேயே பேசியது. பெயர், உறவு எல்லாம் கேட்டுவிட்டு, "உங்க மருமகள் என்ன செய்யறாங்கம்மா?" என்றது.

வருடக்கணக்காகச் சொல்லிப் பழகிய அந்த ஒற்றைச் சொல் மாமியாரின் நாக்கு நுனிக்கு வந்தது. வீட்லதான் இருக்கா, சும்மா... ஒரு நொடிதான். மகனும் மருமகளும் சேர்வதும் பிரிவதும் அந்த நொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. மாமியார் சாப்பாட்டு மேசையைத் திரும்பிப் பார்த்தார்.

"லேபிள் வரையறாம்மா. மருந்து பாட்டில், சோப்பு உறை, பிஸ்கட் பாக்கெட் எல்லாத்துக்கும். கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்தே அதான் பண்றா. ஒரு கம்பெனியிலயும் ஆள் கிடையாது. அவளே சொந்தமா. என் சாப்பாட்டு மேசைதான் அவ ஆபீஸு."

"ஆனா உங்க பையன் முன்னாடி இல்லத்தரசி, வேலையில் இல்லைன்னு எழுதியிருக்காரே?"

"எழுதினான். அது தப்பு. அவனை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லம்மா. நானும் அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன். ஆபீஸ் போனாத்தான் வேலைன்னு நினைச்சிட்டோம். கண்ணு முன்னாடி இருந்துது, பார்க்கல. இப்ப பார்க்கறேன், அதான் சொல்றேன்."

"சரிம்மா, நன்றி," என்று குரல் முடித்துக்கொண்டது. அதில் கொஞ்சம் சிரிப்பு இருந்ததாக மாமியார் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார்.

விசா வந்தது. கணவன் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவன் கடிதத்தைக் கோப்பில் சேர்த்துக்கொண்டதாக ஒரே வரியில் பதில் வந்தது, அவ்வளவுதான். விசாக்காரர் தானே வந்து போட்டோ கேட்டு வாங்கிப் போனார். இப்போதெல்லாம் அவர் அலுவலகத்தில் முதல் கேள்வி, "முன்னாடி எங்கெங்க என்னென்ன எழுதியிருக்கீங்க?" என்பதாம்.

மருமகள் கிளம்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது மாமியாரின் அக்காவிடமிருந்து போன். மருமகள் மேசையில் இருந்தாள். கடைசி ஆர்டர் ஒன்றை முடித்துக்கொண்டிருந்தாள்.

"மருமக என்னடி பண்றா? பெட்டி கட்டியாச்சா?"

"வேலையில இருக்கா அக்கா. முடிச்சிட்டுத்தான் கட்டுவா."

"என் மருமகளுக்கும் விசா போடணும்ங்கறான் என் பையன். எழுதிக் கொடுக்கிறதுல என்ன இருக்கு, அவதான் வீட்ல சும்மா இருக்காளே."

மாமியார் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "இரு. உனக்குப் பின்னாடி கடகடன்னு ஒரு சத்தம் கேக்குதே, அது என்ன?"

"அதுவா? அவ தைக்கறா."

"அப்ப சும்மா இருக்கான்னு இன்னொரு தடவை சொல்லாத. வீட்ல உக்காந்து செஞ்சாலும் வேலை வேலைதான். அதை மறைக்கவும் வேண்டாம், பெருசாக்கவும் வேண்டாம். உள்ளது எதுவோ அதையே எல்லாக் காகிதத்துலயும் எழுதுங்க. ஏற்கெனவே மாத்தி எழுதியிருந்தா, அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே போய்ச் சொல்லுங்க. நாங்க பட்டாச்சு, நீங்களும் படணுமா?" மாமியார் மூச்சு வாங்கிக்கொண்டார். "இப்ப போனை அவகிட்ட கொடு. எப்பலேர்ந்து தைக்கறான்னு முதல்ல அவளைக் கேக்கறேன்."

மறுமுனையில் தையல் மெஷின் நின்றது.